இரத்தமும் அடையாள அட்டையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 பிப்ரவரித் தேர்தலில் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. 2022 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் பிரான்ஸின் தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லூ பென் 41.5 விழுக்காட்டை எட்டினார். இது குடியேற்றத்துக்கான எதிர்வினை மட்டும்தானா? தேசிய உணர்வு மனிதனின் இரத்தத்தில் ஊறியது, ஐரோப்பிய ஒன்றியம் அடக்கிவைத்திருந்த அது இப்போது பீறிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முரளி

அன்புள்ள முரளி,

விழுக்காடுகளை விட்டுவிடுகிறேன், அவற்றை அலச நாளிதழ்கள் இருக்கின்றன. குடியேற்றம் ஒரு காரணம்தான், மூடப்பட்ட ஆலைகளும் ஒரு காரணம். 'இரத்தத்தில் ஊறியது' என்றீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். சில வாரங்களாக அல்சாஸ் என் நினைவை விட்டு அகலவில்லை. இவ்வளவு வாசிக்கிற நீங்கள் அந்தச் சொல்லை இப்படி யோசிக்காமல் எழுதலாமா?

ரைன் நதியின் மேற்குக் கரையிலுள்ள அல்சாஸ் 1871க்கும் 1945க்கும் இடையே பிரான்ஸ், ஜெர்மனி என நான்கு முறை கைமாறியது. அங்கே பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மானிய வட்டார வழக்கு. ஆகவே அவர்கள் ஜெர்மானியரே என்று ஜெர்மன் வரலாற்றாசிரியர் மாம்சென் வாதிட்டார். மொழியோ இனமோ தேசத்தைத் தீர்மானிப்பதில்லை, மக்களின் விருப்பமே தீர்மானிக்கிறது என்று 1870இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபுஸ்தெல் த கூலாஞ்ச் அவருக்குப் பதில் எழுதினார். அந்தப் பதில் இன்றும் எனக்கு உவப்பானது. ஆனால் 1918 இறுதியில் அல்சாஸ் கைக்கு வந்ததும் அதே பிரான்ஸ் எவருடைய விருப்பத்தையும் கேட்கவில்லை. பெற்றோரும் பாட்டன் பாட்டியும் எங்கே பிறந்தார்கள் என்று விசாரித்து, ஏ, பி, சி, டி என நான்கு வகை அடையாள அட்டைகளைக் கொடுத்தது. கையிலிருந்த ஜெர்மன் நாணயமான மார்க்கைப் பிரெஞ்சு ஃபிராங்காக மாற்றும்போது கிடைக்கும் விலைகூட அட்டைக்கேற்ப மாறியது. கணவனுக்கு ஓர் அட்டை, மனைவிக்கு வேறோர் அட்டை என்றான வீடுகள் இருந்தன. ஜெர்மானிய வம்சாவளியினருக்குக் கொடுக்கப்பட்டது டி அட்டை; அவர்களில் பல்லாயிரம் பேர் ரைனுக்கு அப்பால், ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்கள். தேசம் இரத்தத்திலேயே ஊறியிருந்தால், அதைக் கண்டுபிடிக்க இத்தனை எழுத்தர்களும் படிவங்களும் எதற்கு முரளி?

2011இல் அல்சாஸின் முக்கிய நகரமான ஸ்ட்ராஸ்பூர்கில் நான் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டி, தன் அண்ணனின் இரண்டு பள்ளி நோட்டுகளை எடுத்துவந்து காட்டினார். 1939ஆம் ஆண்டு நோட்டின் மேலட்டையில் ழான் என்ற பெயர்; 1941ஆம் ஆண்டு நோட்டில் அதே சாய்ந்த கையெழுத்தில் ஹான்ஸ். இடையில் அல்சாஸைக் கைப்பற்றிய நாஜிகள் பிரெஞ்சுப் பெயர்களைத் தடை செய்திருந்தார்கள். 1942 ஆகஸ்டில் கட்டாய ஆள்சேர்ப்பை அறிவித்து, அல்சாஸிலும் அண்டைப் பகுதியான மொசெலிலும் சுமார் 1,30,000 பேரை ஜெர்மன் படைகளுக்கு இழுத்துச் சென்றார்கள். அந்த அண்ணனும் போனார், கிழக்குப் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. ஜெர்மன் சீருடையில் எடுத்த அவருடைய கடைசிப் புகைப்படத்தை அம்மா சுவரில் மாட்டவே இல்லையாம், மேசைவிரிப்புகளுக்கு அடியில் வைத்திருந்தாராம்.

மறுநாள் அந்த மூதாட்டி என்னைக் குடியரசுச் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றார். 1936இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது: ஒரு தாய், அவள் தாங்கியிருக்கும் சாகும் தறுவாயிலுள்ள இரண்டு மகன்கள். முதல் உலகப் போரில் அவ்வூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அணிந்தது ஜெர்மன் சீருடை என்பதால், சிற்பி அந்த மகன்களுக்கு உடையே கொடுக்கவில்லை. பீடத்தில் 'எங்கள் இறந்தோருக்கு' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்காக என்று இல்லை. மூதாட்டி குடையின் நுனியால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். அதைத் திறந்துவைத்த நாளில், கூட்டத்தில் தனக்கு எதுவும் தெரியவில்லை என்பதால், பன்னிரண்டு வயது அண்ணன் தன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றதாகச் சொன்னார்.