ரூன் கேட்கும் வாசகர்களுக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'டயாப்லோ 2 ரிசரெக்டட்' ஆட்டத்தின் ரூன்வேர்டு பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ரூன் என்பது ஆயுதத்திலோ கவசத்திலோ உள்ள சாக்கெட் என்ற துளையில் செருகும் மந்திரக் கல். குறிப்பிட்ட ரூன்களைச் சரியான வரிசையில் செருகினால் அந்தப் பொருளுக்குத் தனிப் பெயரும் பலனும் கிடைக்கும், அதுதான் ரூன்வேர்டு.

கேள்வி: இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஸ்டெல்த் ரூன்வேர்டு செய்ய டால், எத் இரண்டு ரூனையும் கவசத்தில் செருகினேன். பெயர் மாறவே இல்லை. கவசத்தில் மூன்று சாக்கெட், ஒன்று இன்னும் காலி. அதிலும் ஒரு ரூன் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது, போடாதீர்கள். ஸ்டெல்த் இரண்டு ரூன் கொண்டது, அதற்குச் சரியாக இரண்டு சாக்கெட் உள்ள கவசம்தான் வேண்டும், ஒன்று கூடுதலாக இருந்தாலும் வேலை செய்யாது. வரிசையும் முக்கியம்: டால் முதலில், எத் அடுத்து. மாற்றிச் செருகினால் அந்த ரூன்களின் தனித்தனிப் பலன் மட்டும் கிடைக்கும், ரூன்வேர்டு உருவாகாது. மூன்றாவது நிபந்தனை, பொருளின் பெயர் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். 'சுப்பீரியர்' என்று வந்தால் பரவாயில்லை, அதுவும் சாதாரணப் பொருள்தான். நீலம், மஞ்சள், பச்சை, தங்க நிறப் பெயர் உள்ள எதிலும் ரூன்வேர்டு வராது. எல்லாம் சரியாக இருந்தால் கடைசி ரூன் விழுந்த அந்த நொடியே பெயர் தங்க நிறத்துக்கு மாறிவிடும்.

மாட்டிய ரூனைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஹெல் (Hel) என்ற ரூன், ஒரு டவுன் போர்ட்டல் சுருள், அந்தக் கவசம் மூன்றையும் ஹொராட்ரிக் கியூபில் (பொருள்களைச் சேர்த்து வேறொன்றாக மாற்றும் பெட்டி) போட்டு மாற்றினால் சாக்கெட்டுகள் காலியாகும், ஆனால் உள்ளே இருந்த ரூன்கள் அழிந்துவிடும். டாலுக்கும் எத்துக்கும் போய் ஒரு ஹெல் ரூனைச் செலவழிக்க வேண்டாம். அந்தக் கவசத்தை விட்டுவிட்டு இரண்டு சாக்கெட் உள்ள இன்னொன்றைத் தேடுங்கள், முதல் ஆக்ட்டிலேயே (ஆட்டத்தின் முதல் பகுதி) நிறைய விழும். 17-ஆம் லெவலில் ஸ்டெல்த் போட்டுக்கொண்டால் ஓட்டம், மந்திர வேகம், அடிபட்டுத் தெளியும் வேகம் மூன்றும் 25 சதவீதம் கூடும். ஆட்டத்தின் கடின நிலைகள் நார்மல், நைட்மேர், ஹெல் (Hell) என மூன்று. ஸ்டெல்த் நார்மல் முழுக்கத் தாங்கும், நைட்மேரில் கூடப் பலர் கழற்றுவதில்லை.

கேள்வி: பழைய ஆட்டத்தைக் கல்லூரி நாட்களில் ஆடியவன். தனியாக ஆடும்போது ஸ்பிரிட் ரூன்வேர்டு வராது என்று நினைவு. இப்போது வருமா? வருமென்றால் அதற்கான ரூன்களை எங்கே சேர்ப்பது?

பதில்: உங்கள் நினைவு சரி. 2003-இல் வந்த 1.10 பேட்சில்தான் ஸ்பிரிட், இன்சைட் எல்லாம் சேர்ந்தன, அப்போது அவை பேட்டில்நெட் லேடருக்கு (இணையத்தில் நடக்கும் தரவரிசை ஆட்டம்) மட்டும். 2021 செப்டம்பரில் ரிசரெக்டட் வந்தபோது அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, இணையம் இல்லாமல் தனியாக ஆடினாலும் செய்யலாம். எனக்கு இந்த மறுவெளியீட்டில் மிகவும் பிடித்த மாற்றமே இதுதான், ஏனென்றால் தனியாக ஆடுகிறவருக்குத்தான் இப்படிப்பட்ட பொருள் உண்மையில் தேவை.

ஸ்பிரிட்டுக்கு டால், தூல், ஓர்ட், ஆம்ன், இதே வரிசையில். நான்கு சாக்கெட் வாளிலோ கேடயத்திலோ போடலாம். ரூனுக்கு முதலில் போக வேண்டிய இடம் முதல் ஆக்ட்டின் பிளாக் மார்ஷில் இருக்கும் ஃபர்காட்டன் டவர். அதன் கடைசித் தளத்தில் கவுன்டஸ் என்ற எதிரி இருப்பாள், அவளுக்கென்று தனி ரூன் ட்ராப் உண்டு, நார்மலில் அது ரால் வரை போகும். டால் அங்கேயே கிடைத்துவிடும். மற்றவற்றுக்கு கியூப் இருக்கிறது: மூன்று ரால் போட்டால் ஓர்ட், மூன்று ஓர்ட் போட்டால் தூல், மூன்று தூலோடு ஒரு சிப்டு டோபாஸ் ரத்தினம் சேர்த்தால் ஆம்ன். கணக்குப் போட்டால் ஒரு ஆம்னுக்கு 27 ரால் ஆகிறது, அதனால் ஆம்னை மட்டும் கியூபில் செய்யப் பார்க்காதீர்கள். நான்காம் ஆக்ட்டின் ஹெல்ஃபோர்ஜ் என்ற குவெஸ்ட் (பணி), நார்மலில் எல் முதல் ஆம்ன் வரை ஏதாவது ஒரு ரூன் தரும். நண்பர்களின் கதாபாத்திரங்களுக்கு உதவி செய்தோ, உங்களுடைய இரண்டாவது கதாபாத்திரத்தைக் கொண்டுவந்தோ அதை மறுபடியும் அடிக்கலாம். இடையில் தானாக ஒன்று விழுந்துவிடவும் நிறைய வாய்ப்பு உண்டு.

ஆனால் ரூன் சேர்ப்பதை விட இதில் கவனம் வேண்டியது வாள்தான். நான் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான், தரையில் கிடக்கும் வெறும் சாம்பல் பொருளைப் பாருங்கள். பெரும்பாலோர் மஞ்சளும் தங்கமும் மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஆட்டத்தின் மிகச் சிறந்த ஆயுதங்கள் சாதாரண வாளாகப் பின்னால் கிடக்கின்றன. கிரிஸ்டல் ஸ்வோர்டு ஒன்று சாக்கெட் இல்லாமல் கிடைத்தால் எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஆக்ட்டின் முதல் குவெஸ்ட்டை முடித்தால் அங்குள்ள கொல்லர் லார்சுக் ஒரு பொருளுக்குச் சாக்கெட் போட்டுத் தருவார், சாதாரணப் பொருள் என்றால் அதற்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவும் போட்டுவிடுவார். அந்த உச்ச அளவு பொருளின் ஐட்டம் லெவலைப் (அதைப் போட்ட எதிரியின் லெவல்) பொறுத்தது. கிரிஸ்டல் ஸ்வோர்டுக்கு 25 வரை மூன்று, 26 முதல் 40 வரை நான்கு, 41 முதல் ஆறு. நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் நான்கு. நார்மலில் கவ் லெவல் என்ற ரகசிய இடத்தின் மாடுகள் 28-ஆம் லெவல், அவை போடும் கிரிஸ்டல் ஸ்வோர்டு சரியாகப் பொருந்தும். அதே வாள் ஹெல் நிலையில் விழுந்து லார்சுக்கிடம் போனால் ஆறு சாக்கெட் ஆகி ஸ்பிரிட்டுக்கு உதவாமல் போய்விடும். ஆகவே அந்தக் குவெஸ்ட் பரிசை நார்மலில் அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள்.

ஸ்பிரிட் கேடயம் வேண்டுமென்றால் பலாடின் என்ற வீரர் வகைக்குத்தான் வாழ்வு. அவருக்கென்றே உள்ள கேடயங்களில் எல்லா எதிர்ப்பும் 45 வரை இயல்பாகவே வரலாம், ரூன்வேர்டு போட்டாலும் அது அழியாது. மற்றவர்கள் பொதுவாக மோனார்க் கேடயத்தைத் தேடுவார்கள், அதைத் தூக்க 156 ஸ்ட்ரெங்த் வேண்டும்.

கேள்வி: ஆக்ட் 2 மெர்சினரிக்கு (கூலிக்கு அமர்த்தும் துணை வீரர்) இன்சைட் செய்ய ரூன் எல்லாம் இருக்கிறது. நான்கு சாக்கெட் பைக் ஒன்று கிடைத்தது. போடலாமா?

பதில்: நல்லவேளை, போடும் முன் கேட்டீர்கள். பைக் ஈட்டி வகை. இன்சைட் போல்ஆர்மில் (நீண்ட கைப்பிடியில் வெட்டும் அலகு கொண்ட ஆயுதம்) வரும், ஈட்டியில் வராது. இரண்டும் மெர்சினரி கையில் ஒரே மாதிரித் தெரிவதால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. ரால், டிர், டால், சோல் என்ற வரிசை. எத்தீரியல் போல்ஆர்ம் கிடைத்தால் அதையே எடுங்கள்: சேதம் ஒன்றரை மடங்கு, பழுது பார்க்க முடியாது என்பதுதான் குறை, ஆனால் மெர்சினரி பயன்படுத்தும் பொருள் தேயவே தேயாது. இன்சைட் தரும் மெடிடேஷன் ஆரா (மனா எனும் மந்திர சக்தியை வேகமாக நிரப்புவது) கிடைத்த பிறகு மனா பாட்டிலைத் தேட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: பெர் ரூன் ஒன்று விழுந்தது! ஜாவும் கிடைக்கும் வரை கையில் இருக்கும் எந்த ரூனையும் செலவழிக்காமல் எனிக்மா ரூன்வேர்டுக்காகச் சேர்த்து வைக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பதில்: வாழ்த்துகள், பெர் அபூர்வம். அதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் மற்ற ரூன்களைப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜா எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, கியூபில் செய்யப் போனால் இரண்டு பெர்ரும் ஒரு ஃப்ளாலெஸ் சஃபையரும் கேட்கும், அதற்குப் பிறகு எனிக்மாவுக்கு இன்னொரு பெர் வேண்டும், ஆக மூன்று. அதுவரை நெஃப், லும் சேர்த்து ஸ்மோக் போட்டால் எல்லா எதிர்ப்பும் 50 கூடும். ஓர்ட், சோல் சேர்த்துத் தலைக்கவசத்தில் லோர் போட்டால் எல்லாத் திறனும் ஒரு படி ஏறும். இந்தச் சின்ன ரூன்கள் எனிக்மாவுக்கு வேண்டியவையே அல்ல, அதற்கு வேண்டியது ஜா, இத், பெர் மட்டும். சின்னதைச் செலவழித்து ஹெல் நிலையில் உயிரோடு நடமாட முடிந்தால்தான் ஜா விழும் இடங்களுக்கே போக முடியும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஒரு நல்ல வேலை இருக்கிறது, அது எனிக்மாவுக்கு வேண்டிய மூன்று சாக்கெட் கவசம். சாக்கெட் இல்லாத சாதாரண மேஜ் பிளேட் கிடைத்தால் டால், தூல், பெர்ஃபெக்ட் டோபாஸ் மூன்றோடு கியூபில் போடுங்கள். கியூப் ஒன்று முதல் ஆறு வரை பகடை உருட்டுகிறது, பொருளின் உச்சத்தைத் தாண்டிய எண் வந்தால் உச்சத்திலேயே நிறுத்திவிடும். மேஜ் பிளேட்டின் உச்சம் மூன்று என்பதால் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எது வந்தாலும் நமக்கு மூன்றுதான், அதாவது ஆறில் நான்கு பங்கு வாய்ப்பு. ஆர்க்கான் பிளேட்டின் உச்சம் நான்கு, அங்கே மூன்று கிடைக்க ஆறில் ஒரு பங்குதான். சுப்பீரியர் கவசத்தை கியூப் ஏற்காது, அதை லார்சுக்கிடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஹார்லிக்வின் கிரெஸ்ட் தலைக்கவசத்தில் ஒரு சாக்கெட் போட்டு ரூன்வேர்டு செய்ய முடியுமா?

பதில்: முடியாது, அது யூனிக், அதாவது தங்க நிறப் பெயர் கொண்ட வகை. சாக்கெட் போடலாம், லார்சுக் யூனிக்குக்கு ஒன்றே ஒன்று போடுவார். அதில் பெர்ஃபெக்ட் டோபாஸ் வைத்தால் மேஜிக் ஃபைண்ட் (நல்ல பொருள் விழும் வாய்ப்பு) 24 சதவீதம் கூடும், இஸ்ட் ரூன் வைத்தால் 25. அந்த ஒரு சதவீதத்துக்காக இஸ்ட்டைக் கொடுக்காதீர்கள், டோபாஸே போதும்.