தைராய்டு அடங்கியது, ஏ.எல்.பி. ஏறியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. தைராய்டு அதிகம் என்று நான்கு மாதமாக கார்பிமசோல் சாப்பிடுகிறேன். படபடப்பும் கை நடுக்கமும் போய்விட்டன, தைராய்டு ஹார்மோனான டி4 நார்மல். ஆனால் ஏ.எல்.பி. (அல்கலைன் பாஸ்படேஸ்) 168-லிருந்து 214 ஆகிவிட்டது. வைட்டமின் டி 13தான். "மாத்திரை ஈரலைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு" என்கிறார் அக்கா. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அக்கா பயப்படுவதிலும் நியாயம் உண்டு. கார்பிமசோல் அபூர்வமாக ஈரலைப் பாதிக்கும். ஆனால் ஏ.எல்.பி. ஈரலிலிருந்து மட்டும் வருவதில்லை, எலும்பிலிருந்தும் வரும். ஈரல் காரணமென்றால் பெரும்பாலும் ஜி.ஜி.டி. என்ற ஈரல் நொதியும் கூடவே ஏறும். உங்கள் ரிப்போர்ட்டில் ஜி.ஜி.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் என்ற ஈரல் பரிசோதனைகள் மூன்றும் நார்மல். ஆக, இது எலும்புக் கணக்கு.

எலும்பில் ஓர் இடத்தில் பழையதை அரித்து, புதிதாகக் கட்டி முடிக்கச் சுமார் 200 நாள் ஆகும். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அந்தக் காலம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். அரிக்கிற வேகத்துக்குக் கட்டுகிற செல்களால் ஈடுகொடுக்க முடியாது. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் பாக்கி விழும். மாத்திரை பிடித்ததும் அரிப்பு முதலில் அடங்குகிறது. கட்டுகிறவை மட்டும் பழைய பாக்கிக்காக ஓவர்டைம் பார்க்கின்றன. அந்த வேலையின் அடையாளம்தான் ஏ.எல்.பி. டி4 சரியான பிறகும் பல மாதம் அது உயர்ந்தே இருக்கலாம்.

சரி, கொத்தனார் வந்துவிட்டார், சிமெண்ட் வேண்டாமா? வைட்டமின் டி 20-க்குக் கீழே என்றால் குறைபாடு. அந்தக் குறைபாடே ஏ.எல்.பி.யை இன்னும் ஏற்றும். ஆனால் மருந்துக்கடைக்குப் போகுமுன் ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். தைராய்டு அதிகமாக இருக்கும்போது எலும்பிலிருந்து கரைந்து வந்து சிலருக்குக் கால்சியம் கூடியிருக்கும். கால்சியம் கூடுதல் இல்லையென்றால் வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கமான அளவு. உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு வாந்தியோடு வருகிறவர்கள் உண்டு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சி.டி.எக்ஸ். போன்ற விலை கூடிய எலும்புப் பரிசோதனைகள் இப்போது தேவையில்லை. மூன்று மாதம் கழித்து ஏ.எல்.பி.யையும் வைட்டமின் டியையும் மறுபடி பாருங்கள். நடுவில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, காய்ச்சலோடு தொண்டை வலித்தாலோ கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தொண்டை வலி என்றால் வெள்ளையணு எண்ணிக்கையும் எடுக்க வேண்டும்.