தேடினால் எல்லாக் கோப்பும் விம்மில் திறக்கிறதா?

கிரெப் (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) கண்டுபிடிக்கும் கோப்புகளை விம் எடிட்டரில் திறக்க நீங்கள் வைத்திருக்கும் அலியாஸை, அதாவது கட்டளைக்கான குறும்பெயரை, விட்டுவிட்டு அதையே ஷெல் ஃபங்ஷனாக எழுதுங்கள். ஒரு சொல்லைத் தேடினால் ஃபோல்டரில் உள்ள அத்தனை கோப்பும் விம்மில் திறக்கிறது என்றீர்கள். காரணம், பாஷ் ஷெல்லின் அலியாஸ் ஆர்க்யுமென்ட் (பெயரோடு கூடத் தரும் சொல்) வாங்காது. அந்தச் சொல் வந்து உட்கார வேண்டிய 'டாலர் 1' வெறுமையாகிவிட, 'இந்த ஃபோல்டர்' என்று குறிக்க அடுத்திருக்கும் புள்ளியையே கிரெப் தேடுசொல்லாக எடுத்துக்கொள்கிறது. புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்துமே! நீங்கள் தந்த சொல்லோ கட்டளையின் கடைசியில் போய் ஒட்டி, விம்முக்கு புதுக் கோப்பின் பெயராகிறது.

ஃபங்ஷனை எழுதியதும், 'டைப்' கட்டளையோடு உங்கள் குறுக்குவழியின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். இன்னும் அலியாஸ் என்றே காட்டினால் 'அன்அலியாஸ்' கட்டளையால் அதை நீக்குங்கள். ஒரே பெயரில் அலியாஸும் ஃபங்ஷனும் இருந்தால் அலியாஸ்தான் முந்தும். வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்தில் இதற்கே ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

ஃபங்ஷனில் 'டாலர் 1' இரட்டை மேற்கோளுக்குள் இருக்கட்டும். அப்புறம், பெயரில் இடைவெளி உள்ள கோப்புகள் இப்போதும் இரண்டாக உடையும்.