கொள்ளிடத்து மணலில் மின்னும் கண்கள்

அன்புள்ள ஐயா,

திருவானைக்காவில் இருக்கிறோம். சித்திரை மாதத்தில் ஒரு ராத்திரி கொள்ளிடத்து மணலில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். என் மகள் தலையில் மாட்டும் டார்ச்சைப் போட்டதும் மணல் முழுக்கப் பச்சைப் பொட்டுகள் மின்னின. கண்ணாடித் துண்டுகளோ என்று கிட்டே போனால் அத்தனையும் சிலந்தி! ஆற்றில் தண்ணீரைப் பார்த்து மாதக்கணக்காகிறது. பகலில் கால் வைக்க முடியாத சூடு. இவை எதைத் தின்று பிழைக்கின்றன? தண்ணீர் வந்தால் என்ன ஆகும்? மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ர., திருவானைக்கா

அன்புள்ள ர.,

லிங்கத்துக்கு மேல் வலைப்பந்தல் போட்டு, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்த சிலந்தி உங்கள் ஊருடையது. உங்கள் மகள் கண்டவை வேறு இனம். அவை ஓநாய்ச் சிலந்திகள். பெரும்பாலானவை வலை கட்டுவதில்லை, ஓடிப் பிடித்துத் தின்பவை. எட்டுக் கண்களில் பெரிய நான்கின் உட்புறம், மாட்டுக் கண்ணில் இருப்பதுபோல, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அந்த ஒளி வந்த வழியே திரும்புவதால் டார்ச்சை இடுப்பளவில் பிடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மகளின் விளக்கு நெற்றியில் இருந்தது, அதனால் கண்டுபிடித்தாள்.

பகலில் அவை வண்டல் வெடிப்பிலும், நாணல் தூரிலும், மணலுக்குள் தோண்டிய வளையிலும் கிடக்கும். கையளவு ஆழம் தோண்டிப் பாருங்கள், மேல்மணல் கொதிக்கும்போதும் அடியில் குளுமை இருக்கும். இருட்டியதும் வெளியே வருகின்றன. எறும்பு, கறையான், சில்வண்டு, சின்ன வண்டுகள் எல்லாம் இரைதான். அந்த இரைகளில் பலவற்றுக்கு உணவு போன வெள்ளம் ஒதுக்கிய சருகும் மக்கிய வேரும். தண்ணீர் வடிந்த பிறகும் ஆறு இப்படித்தான் சோறு போடுகிறது. சிலந்திக்கு வேண்டிய ஈரத்தில் பெரும்பகுதி இரையின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடும்.

தண்ணீர் ஓடும் காலத்தில் ஆட்சி வேறொருவர் கையில். நீள்தாடைச் சிலந்தி நாணலுக்கு நாணல் நூல் கட்டி, நீருக்கு மேலே படுக்கைவாட்டில் வலை விரிக்கும். பகலில் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் புல்லோடு புல்லாக ஒட்டிக்கிடக்கும். நீருக்குள் புழுவாக வளர்ந்து, இறகு முளைத்து மேலே பறந்துவரும் பூச்சிகள்தான் அதன் முக்கிய உணவு. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஹொரொனாய் ஓடையின் மேல் பசுமைக்குடில்போல மூடி, பூச்சிகள் கரைக்கு வராமல் தடுத்துப் பார்த்தார்கள். கரையில் இந்த வகைச் சிலந்திகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இந்த ஆய்வுகளுக்கு வழிகாட்டிய ஷிகெரு நகானோ 2000 மார்ச்சில் கலிபோர்னியா வளைகுடாவில் படகு கவிழ்ந்து இறந்தார். கடல் தரும் உணவால் பாலைத் தீவுச் சிலந்திகள் பெருகுவதை ஆராய்ந்த கேரி போலிஸும் அதே படகில் போனார். நீரும் நிலமும் ஒன்றுக்கொன்று ஊட்டுவதைக் காட்டிய இருவர் ஒரே நாளில் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கொள்ளிடம் வற்றும்போது அந்த ஓடை மேல் போட்ட மூடியைக் கோடையே போடுகிறது. நீள்தாடைச் சிலந்திகள் கடைசிக் குட்டைகளின் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொள்ளும். காலியான மணல் ஓநாய்ச் சிலந்திக்கு வந்து சேரும்.

இனி மகளின் இரண்டாவது கேள்வி. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து உபரி நீர் இறங்கும்போது பல சிலந்திகள் செத்துப்போகும். ஆனால் ஓநாய்ச் சிலந்தி லேசான உடம்புக்காரி, நீர்ப்பரப்பின் மேலேயே ஓடக்கூடியவள். நாணலிலும் மேட்டுத்திட்டிலும் ஏறித் தப்புபவை உண்டு. 2010இல் பாகிஸ்தானின் சிந்து மாகாண வெள்ளத்தில் சிலந்திகள் கூட்டமாக மரமேறி, மரங்களையே வலையால் போர்த்தியது உலகம் பார்த்த படம். நீர் வடிந்ததும் திட்டிலிருந்து இறங்கி வருபவையும், நூலைக் காற்றில் விட்டு மிதந்துவரும் குஞ்சுகளும் மணலை மறுபடி நிரப்பும்.

அந்தத் திட்டும் நாணலும் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் விட்டு நாணலை வழிப்பதையும், மணலை ஆள் உயரத்துக்குப் பள்ளமாக அள்ளிப்போவதையும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளத்தைத் தாண்டி வந்த உயிருக்கு ஏறி நிற்க இடமில்லாமல் போகிறது.

அடுத்த முறை போகும்போது மகளிடம் சொல்லுங்கள்: ஓரிடத்தில் பெரிய பொட்டோடு பொடிப்பொடியாகப் பல மின்னினால் அங்கே தாய் நிற்கிறாள். முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமந்தவள், பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பாள். விளக்கை அதிக நேரம் அடிக்காமல், சுற்றிப் போகச் சொல்லுங்கள்.

அன்புடன்.