பையனின் ரெஸ்யூமேயில் பையனைக் காணோம்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தையும் கூடவே வைத்திருந்த ரெஸ்யூமேயையும் படித்தேன். மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது, விண்ணப்பித்த எந்த இடத்திலிருந்தும் ஒரு போன்கூட வரவில்லை, அவன் அம்மாவுக்கு ராத்திரி தூக்கமில்லை, ரெஸ்யூமேயில் என்ன தப்பு என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவன் அம்மாவிடம் சொல்லுங்கள்: படிப்பு முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்ததால் யாருடைய வாழ்க்கையும் முடிந்துபோவதில்லை.

ஆறுதல் இவ்வளவுதான். இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

பிழைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரே வருடத்தில் முடித்ததாக இருக்கிறது. 'மெக்கானிக்கல்' என்ற சொல்லிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. தொடர்பு எண் என்று கொடுத்திருப்பது உங்கள் எண். மதம், திருமண நிலை, கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி என்று யாரும் கேட்காதவை பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அரை மணி நேரத்தில் இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்தாலும் போன் வராது.

ஏனென்றால் அந்தத் தாளை உங்கள் பையன் எழுதவே இல்லை. வடிவம் பிரவுசிங் சென்டரில் இருந்தது. நோக்கம் என்று போட்டிருக்கும் மூன்று வரிகளை எல்லாப் பையன்களின் தாளிலும் பார்க்கிறேன். ஜாவா, பைதான், மெஷின் லேர்னிங் எல்லாம் பெங்களூரில் இருக்கும் அவன் மாமா சேர்க்கச் சொன்னவை. ப்ராஜெக்ட் ஒரு சீனியருடையது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? இரண்டாம் பக்கத்தில் குழு உறுப்பினர்கள் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன, அதில் உங்கள் பையன் பெயர் இல்லை. நான் கண்டுபிடித்ததை நேர்முகத் தேர்வு நடத்துபவர் கண்டுபிடிக்க மாட்டாரா?

இது கவனக்குறைவு என்று நினைத்து நீங்கள் அவனைத் திட்டியிருப்பீர்கள். கவனக்குறைவு இல்லை. தன்னுடையது என்று நினைக்காத ஒன்றை யாரும் இரண்டாவது தடவை படித்துப் பார்ப்பதில்லை. தன்னிடம் இருப்பது சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், வெற்றிடத்தை அடுத்தவன் சரக்கை வைத்து நிரப்பும். அந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் வீட்டில்தான் ஊட்டுகிறோம்.

உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 'லீவு விட்டால் பெரியப்பாவின் லாரி பாடி பட்டறையிலேயே கிடப்பான், படித்த பையன் என்ற நினைப்பே இல்லை' என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நாமக்கல்லில் இருந்துகொண்டு இதை வருத்தமாக எழுதுகிறீர்களே! வெறும் சேஸிஸாக, அதாவது அடிச்சட்டமாக, வந்து நிற்கும் வண்டிக்குப் பாடி கட்ட எங்கெங்கிருந்தோ உங்கள் ஊருக்கு வருகிறார்கள். அவனிடம் போனில் பேசினேன். ஜாவா பற்றிக் கேட்டதற்கு 'ஆமா சார், தெரியும் சார்' என்று முனகினான். பட்டறை பற்றிக் கேட்டேன். கிராஸ் மெம்பர்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடவேண்டும், சிஓ2 வெல்டிங்கில் ஷீட் எங்கே நெளியும், அதற்கு எந்த வரிசையில் டாக் என்ற புள்ளி வெல்டுகளை வைக்கவேண்டும் என்று நிறுத்தாமல் பேசினான். அளவெடுத்து வந்து ராத்திரி சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து பார்ப்பானாம். இதில் ஒரு வரிகூட ரெஸ்யூமேயில் இல்லை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'பாட்டு கேட்பது' இருக்கிறது.

அடுத்து மாமாவின் யோசனை. எண்பத்தைந்தாயிரம் கொடுத்தால் இரண்டு வருட சாஃப்ட்வேர் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு கன்சல்டன்சி தயார்செய்து கொடுக்கும், அதற்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேலை செய்தவனுக்கு பி.எஃப். கணக்கில் யுஏஎன் எண் இருக்கும். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தான், எப்போது விலகினான் என்று அதில் வரும். நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் அதையும் பார்க்கின்றன. சேர்ந்து இரண்டு வருடம் கழித்துப் பிடித்தாலும் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். போலி ஆவணத்தை உண்மை என்று காட்டுவது குற்றம் என்பதும் மாமாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மாட்டினால் மாமா பெயர் எதிலும் இருக்காது, பையன் பெயர்தான் இருக்கும்.

ஐ.டி. கோர்ஸ், வங்கித் தேர்வு, எம்.பி.ஏ. பற்றியெல்லாம் உங்கள் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. அவர்களில் யாரும் சொல்லாத ஒன்று அப்ரன்டிஸ் பயிற்சி, அதாவது ஒரு நிறுவனத்திலேயே இருந்து உதவித்தொகையோடு வேலை பழகுவது. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத்தானே அது என்று நினைப்பீர்கள். அப்ரன்டிஸ் சட்டம் வந்தது 1961-ல். 1973-ல் திருத்தம் செய்து இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். நாட்ஸ் என்று சொல்லும் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம் அதன்படிதான் நடக்கிறது. அதை நடத்தும் பயிற்சி வாரியம், தென்மாநிலங்களுக்கானது, சென்னை தரமணியில் இருக்கிறது.

பயிற்சி ஒரு வருடம். கட்டணம் ஒரு பைசா கிடையாது, அவர்கள்தான் உதவித்தொகை கொடுப்பார்கள். 2019-ல் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. கூடக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள் அப்ரன்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. நெய்வேலி என்எல்சி, மின்வாரியம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இதற்கு அறிவிப்பு விடுகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு கிடையாது. மதிப்பெண்படி பட்டியல் போட்டுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள்.

உங்கள் பையனுக்கு நான் முதலில் சொல்வது போக்குவரத்துக் கழகம். வண்டியைப் பிரித்துப்போட்டு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குத் தயார்செய்யும் பட்டறையில் ஒரு வருடம் நின்றால் பிரேக், சஸ்பென்ஷன், பாடி என்று அவனுக்குப் பிடித்த எல்லாமும் கைக்கு வரும். பெரியப்பா பட்டறையில் கற்றது கைப்பழக்கம். இங்கே அதற்குப் பதிவேடு, அளவு, ஆய்வு எல்லாம் சேரும். முடித்ததும் வாரியம் கொடுக்கும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணி அனுபவமாகப் பதியலாம். எண்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கப்பார்த்த அனுபவம், அசலாகவே வந்துவிடும்.

பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை என்று சட்டம் உத்தரவாதம் தரவில்லை, அதைத் தெரிந்துகொண்டே சேரவேண்டும். உதவித்தொகை ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாக இருக்கும், அதனால் சேலம் கோட்டம் மாதிரிப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருப்பவர்களை இந்தத் திட்டத்தில் எடுப்பதில்லை. மாமா வாங்கித்தரும் அந்தப் போலிச் சான்றிதழைக் காட்டிவிட்டால் இந்தக் கதவும் அடைபடும்.

நாட்ஸ் இணையதளத்தில் பதிவதற்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் உங்கள் முழுப்பெயரே பின்னால் ஒட்டியிருக்கிறது, ரெஸ்யூமேயில் இனிஷியலே இல்லை. மூன்று ஆளா இவன் என்று சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிட்டு, வங்கிக் கணக்கையும் அதோடு இணைத்து வையுங்கள்.

புது ரெஸ்யூமே ஒரே பக்கம் போதும். முதல் பாதியில் பட்டறை வேலை வரட்டும்: எத்தனை விடுமுறை, எந்த வேலை, எந்த மெஷின், அவன் வரைந்த வரைபடம் எது. சாலிட்வொர்க்ஸ் அதற்கடுத்து. ஜாவாவை எடுத்துவிடுங்கள். அரியர் வைத்து முடித்ததை மறைக்கவேண்டாம், கேட்டால் சொல்லட்டும். தொடர்பு எண் அவனுடையதாக இருக்கட்டும். கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் எடுத்து 'பையன் குளிக்கிறான்' என்று சொல்லும்படி இருக்கக்கூடாது.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை அவனை என் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், இங்கே உட்கார்ந்து அவனே டைப் செய்யட்டும். நீங்கள் கூட வரவேண்டாம். மாமாவும்தான்.