பாதி மாத்திரை கொடுக்கலாமா?

மதிப்புக்குரிய டாக்டருக்கு,

எங்கள் பொமரேனியனுக்கு மூன்று வயது, எடை 5 கிலோ. தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்று. நேற்றிலிருந்து பேதி, இன்று லேசாக ரத்தமும் தெரிகிறது. ஆனால் சாப்பிடுகிறான், வாந்தி இல்லை. பார்த்த டாக்டர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதவில்லை. போன வருடம் அதில்தான் இரண்டே நாளில் நின்றது. மெடிக்கலில் கிடைக்கும் 400 மி.கி. மாத்திரையில் பாதி, காலை மாலை கொடுக்கலாமா?

– ர.

அன்புள்ள ர.,

வேண்டாம். பாதி என்றால் 200 மி.கி. அவன் எடைக்கு அது கிலோவுக்கு 40, இரண்டு வேளைக்கு 80. ஒரு நாளில் கிலோவுக்கு 60 மி.கி. தாண்டினாலே தள்ளாட்டம், கண்மணி தானாகத் துடிப்பது என்று நரம்புக் கோளாறு வரலாம். உடைத்த மாத்திரை கடும் கசப்பு வேறு. வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்து, விஷம் தின்றுவிட்டது என்று பதறி நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

போன வருடம் நின்றது சரி. மாத்திரை இல்லாமல் எத்தனை நாளில் நின்றிருக்கும்? 2020-இல் பேதி வந்த 31 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வேளைக்கு கிலோவுக்கு 10–15 மி.கி. வீதம் மருந்து தந்தவற்றுக்குச் சராசரியாக 2.1 நாளில் நின்றது, வெற்று மருந்து (மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து) தந்தவற்றுக்கு 3.6 நாளில். அதற்கு முந்தைய வருடம் 60 நாய்களில் செய்த ஆய்வில் மருந்துக்கு 4.6 நாள், வெற்று மருந்துக்கு 4.8, அதாவது வித்தியாசமே இல்லை. கிடைத்தால் ஒன்றரை நாள் லாபம், அவ்வளவுதான். நோயில்லாத நாய்களிலேயே இந்த மருந்து குடல் பாக்டீரியாக்களைக் குலைத்துவிடுகிறது. நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் முழுதாகச் சீராகவில்லை. என் கணக்கில் இது நஷ்ட வியாபாரம். உங்கள் டாக்டர் செய்ததே சரி.

ரத்தம் தெரிந்தாலே ஆன்டிபயாடிக் என்பதும் பழைய பழக்கம். ரத்தப் பேதி வந்த, ஆனால் செப்சிஸ் (கிருமித் தொற்று உடல் முழுக்கப் பரவி ஆபத்தாவது) அறிகுறி இல்லாத 60 நாய்களுக்கு ஜெர்மனியில் அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள் (2011). வெற்று மருந்தைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை.

பட்டினி போடாதீர்கள். தோல் நீக்கிய கோழியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றோடு நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இசப்கோல் கால் டீஸ்பூன் எடுத்து, தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உணவில் கலக்கலாம்.

ஈறைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து பிசுபிசுத்தால் நீர் வற்றியிருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, வாந்தி தொடங்கினாலோ, சுருண்டு படுத்தாலோ, ஜாம் போல ரத்தமாகவே போனாலோ அன்றே டிரிப்ஸ் தேவைப்படும்.

தடுப்பூசி போடாத குட்டி என்றால் என் பதிலே வேறு. பார்வோ என்ற வைரஸ் நோயில் வெள்ளணுக்கள் சரிந்துவிடும், குடல் சுவர் சிதைந்து கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். அங்கே ஆன்டிபயாடிக் கட்டாயம், அதுவும் ஊசியாக.