வெளியே எடுத்த பிறகு உள்ளே என்ன மிச்சம்?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. 12க²ப − 18கப² + 6கப என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னால் 6கப(2க − 3ப) என்று எழுதுகிறாள். பொதுக் காரணியைச் சரியாகத்தான் கண்டுபிடிக்கிறாள், ஆனாலும் மதிப்பெண் போய்விடுகிறது. எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மகளுக்குக் கடினமான பாதி வந்துவிட்டது. 12, 18, 6 மூன்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் 6. க, ப இரண்டும் எல்லா உறுப்புகளிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த அடுக்கை எடுத்தால் கப. ஆக 6கப சரி. பிழை கடைசி உறுப்பில்தான் இருக்கிறது.

பின்னங்களைச் சுருக்கும்போது மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் 'அடித்துவிடு' என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் அந்தச் சொல்லை அப்படியே இங்கும் கொண்டுவருகிறார்கள். 6கப-வை வெளியே எடுத்தாயிற்று, கடைசி உறுப்பும் அதே 6கப, அடித்தால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது வகுத்தல். 6கப-வை 6கப-வால் வகுத்தால் 1 வரும், 0 வராது. அதனால் சரியான விடை 6கப(2க − 3ப + 1).

இதைச் சாப்பாட்டுத் தட்டை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆறு பேருக்கு ஆளுக்கு 3 இட்லி, 1 வடை. மொத்தம் 18 + 6 = 24. பொதுவான ஆறை வெளியே எடுத்தால் 6(3 + 1). அந்த 1-ஐ விட்டுவிட்டால் 6 × 3 = 18, ஆறு பேருக்கும் வடை இல்லை! இந்தக் கணக்கைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

அப்புறம், கொஞ்ச நாளைக்கு இடையில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்:

6கப × 2க − 6கப × 3ப + 6கப × 1

இந்த வரியை எழுதும் பிள்ளைக்கு 1 தவறவே தவறாது. பழகிய பிறகு விட்டுவிடலாம். அடைப்புக்குறிக்குள் எத்தனை உறுப்புகள் என்று எண்ணவும் சொல்லுங்கள். கேள்வியில் மூன்று இருந்தால் உள்ளேயும் மூன்று வேண்டும்.

விடையை அவளே சரிபார்க்க முடியும். க = 3, ப = 2 என்று போட்டால் கேள்வி 216 − 216 + 36, அதாவது 36. சரியான விடையில் 36 × (6 − 6 + 1), அதுவும் 36. அவள் எழுதியதில் 36 × 0, பூச்சியம்! சரிபார்க்க 1-ஐ மட்டும் போட வேண்டாம். 1-இன் அடுக்கு எல்லாமே 1 என்பதால், க² எழுத வேண்டிய இடத்தில் க எழுதியிருந்தால் தெரியாமல் போய்விடும்.

2(6க²ப − 9கப² + 3கப) என்று பாதியில் நிறுத்துவதும் உண்டு. மதிப்பு மாறவில்லை, ஆனால் உள்ளே இன்னும் 3கப பொதுவாக இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஏதாவது பொதுவாக மிஞ்சியிருக்கும்வரை வேலை முடியவில்லை.

குறைக்குறியோடு தொடங்கும் கோவையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். −4க + 8 என்பதில் −4-ஐ வெளியே எடுத்தால் உள்ளே எல்லாக் குறிகளும் மாறும்: −4(க − 2). இங்கே −4(க + 2) என்று எழுதினால், திரும்பப் பெருக்கும்போது −4க − 8 என்று வந்து பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.